ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்

லிங்கன்
5 மே 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

கெயில் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அட்டையில் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிற மகள் இவ்வளவு நீளமாக எழுதினால், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைப்பீர்கள். யாரும் சாகவில்லை. ஜூன் கடைசியில் எனக்குக் குருப்பட்டம் தருகிறார்கள், பாதிரியார் ஆகப்போகிறேன். சிரிக்காதீர்கள்.

பத்திரிகையில் மேலாடை இல்லாமல் நின்றேன். வயது ஏறியதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மதுக்கடையில் ஊற்றிக் கொடுத்தேன், அதுவும் சலித்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சாகக் கிடந்த ஒருவரின் கையைப் பிடித்து ஜெபம் சொல்லப்போய், இங்கே வந்து நிற்கிறேன்.

பேராயர் எல்லாவற்றையும் கேட்டார். "அந்தப் படங்களுக்காக வருத்தப்படறியாம்மா?" என்றார். "படத்துக்காக இல்லைங்க. எங்கப்பா என்கூடப் பேசறதை நிறுத்திட்டாரே, அதுக்குத்தான்" என்றேன்.

நம் கோயிலில் அந்தப் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறதே. 17ஆம் தேதி ஆராதனையில் என் பெயரை வாசித்து, இவளுக்குப் பட்டம் தரக்கூடாது என்று ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்பார்கள். நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பீர்கள். சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய். மனசே விட்டுப்போகும்.

முழங்கால் வலி தேவலையா?

உங்கள் மகள்
கெயில்

லிங்கன்
18 மே 2009

அப்பா,

பக்கத்து வீட்டு மொரீன் அத்தை நேற்று போன் செய்தாள். "உங்கப்பா எந்திரிச்சு நின்னுட்டாருடி" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை, வைத்துவிட்டேன்.

உங்களுக்குத் திருப்தி என்றால் சரி.

கெயில்

கிரிம்ஸ்பி
20 மே 2009

மகளே,

முழுசாகக் கேட்காமல் போனை வைக்கிற புத்தி அப்படியே உன் அம்மாவுடையது.

பாதிரியார் உன் பெயரை வாசித்துவிட்டுக் கேட்டார். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. என் பெண்ணுக்காகப் பேச இந்த ஊரில் ஒரு ஆள் இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன். பாதிரியாருக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"அவ என்ன பண்ணான்னு எல்லாருக்கும் தெரியும். இங்க இருக்கிற ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு அந்தப் படத்த ஷெட்டுல ஒட்டி வெச்சிருந்தீங்க. இப்ப எவனுக்காவது ஆட்சேபணை இருந்தா, எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்றேன்.

பின்வரிசையில் மொரீன்தான் முதலில் சிரித்தாள். அவள் புருஷன் தலை குனிந்தவன் நிமிரவே இல்லை.

ஆராதனை முடிந்து பாதிரியார் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். யாரும் பேசாமல் இருந்தாலே சம்மதம் என்றுதான் அர்த்தமாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஜூனில் வருகிறேன். எந்தப் பஸ் என்று எழுது.

அப்பா

லிங்கன்
22 மே 2009

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்து, சிரித்து, அழுது, டோஸ்ட்டைக் கருக்கிவிட்டேன். இத்தனை வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது.

பஸ் வேண்டாம், நானே வந்து கூட்டிப்போகிறேன். முதல் வரிசையில் இடம் சொல்லிவைத்தாயிற்று.

ஒன்று மட்டும். அன்றைக்குப் பேராயர் கூட்டத்தைப் பார்த்து, இவளுக்குப் பட்டம் தர உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு எல்லோரும் வாய்விட்டுப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிரசங்கம் எல்லாம் வேண்டாம். "சம்மதம்" என்று சொன்னால் போதும்.

ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

உங்கள் பெண்
கெயில்