இடதுகோடித் துண்டு

அன்புத் தங்கைக்கு,

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படத்தைக் கேட்டிருந்தாய். நன்றாக வந்திருக்கிறது.

அரிமளம் வீட்டு வாசலில் சொந்தங்கள் நின்ற வரிசை ஒரே படத்தில் அடங்கவில்லை. இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக எடுத்தேன். பாதிப் பேர் வெயிலில், பாதிப் பேர் பந்தல் நிழலில். அதனால் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று முறை எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து ஒட்டினேன். இப்போது எல்லா முகமும் தெளிவு.

மணமேல்குடியிலிருந்து வந்த நீயும் மாப்பிள்ளையும் இடதுகோடியில் நின்றீர்கள். மற்றவர்கள் ஆடி அசைந்து என்னைப் படுத்தினார்கள். மூன்றிலும் அசையாமல் நின்றது நீங்கள் இருவர்தான்.

ஒட்டும்போது அப்பா பின்னால் வந்து நின்றார். "ஓடிப்போனவளும் அவனும் நம்ம சுவத்துல எதுக்குடா? அந்தத் துண்ட விட்டுட்டு ஒட்டு" என்றார். விட்டுவிட்டேன்.

உன் மகள் அடுத்த துண்டுக்குள் வந்துவிட்டாள், அவளை நீக்க முடியவில்லை. அவள் பிடித்திருந்த உன் கையை மட்டும் அழித்தேன். தடமே தெரியாது.

நேற்று படத்தை மாட்டினோம். "யாரு தம்பி இந்தப் புள்ள, தனியா நிக்குது?" என்று பெரியத்தை கேட்டார்.

"பந்திக்கு வந்ததுக யாரோடதாச்சும் இருக்கும்" என்றார் அப்பா.

ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. பாப்பா சிரித்த முகமாக விழுந்திருக்கிறாள்.

உன் அண்ணன்