சம்பந்தியும் பேரனின் மூக்கும்

ஜனவரி 9, 2025
வெளியே மைனஸ் இருபத்திரண்டு. சம்பந்தியம்மா சிவநேசம் இன்றும் புரோசார்ட் புறநகரிலிருந்து வந்து இரண்டு மாதப் பேரனைக் குளிப்பாட்டினார். முடிந்ததும் எண்ணெய் விரல்களால் அவன் மூக்கைப் பிடித்து இழுத்துவிடுகிறார். "இப்ப பிடிச்சுவிட்டால்தான் எடுப்பாய் வரும்." மகள் தாட்சாயினி தலையாட்டினாள். மாமியாரிடம் வேறென்ன செய்வாள்? நான் முப்பது வருடம் உடற்கூற்றியல் படிப்பித்தவன். நானும் தலையாட்டினேன்.

ஜனவரி 11
சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். குளிர்தேசத்து மனிதரின் ஒடுங்கிய, உயர்ந்த மூக்கு விரலால் வந்ததல்ல. குளிர்ந்த வறண்ட காற்று நுரையீரலை அடையுமுன் சூடாகி ஈரமாக வேண்டும். ஒடுங்கிய வழியில் அது உட்சவ்வோடு கூடுதலாக உரசிப் போகிறது. அப்படி மூக்கு வாய்த்தவர்கள் சற்றுக் கூடுதலாகப் பிழைத்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளில் முகம் மாறியது. ஆனால் பனியுகத்து ஐரோப்பாவில் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதருக்கு மூக்கு அகலம். ஏனென்று இன்னும் வாதாடுகிறார்கள். அப்படியென்றால் நான் எதை உறுதியாகச் சொல்வது?

ஜனவரி 12
சொன்னேன். தேநீர் நேரத்தில், நியாண்டர்தால் வரை. சிவநேசம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கட மூக்கை ஒருத்தரும் பிடிச்சுவிடேல்லைப் போல, அண்ணை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜனவரி 14
பேரனுக்கு மூக்கடைப்பு. இரண்டு வாய் பால் குடிப்பான், விட்டுவிட்டு மூச்சுக்குத் தவிப்பான். இந்த வயதில் வாயால் மூச்சுவிடச் சரியாகத் தெரியாது. எண்ணெயா, அழுத்தமா, ஹீட்டரின் வறட்சியா? நிச்சயமில்லை.

ஜனவரி 15
குளிப்பாட்டிய பின் விரல்கள் மறுபடி மூக்குக்குப் போயின.
"கையை எடுங்கோ!"
நான்தான். என்ன குரல் அது? குழந்தை வீரிட்டது. சிவநேசம் கையைத் துடைத்தார். "நான் நாலு பிள்ளையள் வளர்த்தனான்." மருமகன் ஆரூரன் தாயை மெட்ரோவரை கூட்டிக்கொண்டு போனான்.
சம்பந்தியிட்டைப் போய்க் கத்திப்போட்டன் — எனக்கென்ன விசரா?

ஜனவரி 16
கிளினிக். உட்சவ்வு வீங்கியிருக்கிறதாம். எண்ணெய் வேண்டாம், அழுத்த வேண்டாம், உப்புநீர்த் துளி போதும் என்றாள் தாதி. காரணம் இதுதான் என்று அவளும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் தாட்சாயினி: "அப்பா, நீங்கள் முதலே கத்தியிருக்கலாம்."

ஜனவரி 19
சிவநேசம் வரவில்லை. பேரன் ஒழுங்காகப் பால் குடிக்கிறான்.

ஜனவரி 22
வந்தார். என்னைத் தாண்டி நேரே பேரனிடம் போனார். கழுத்து, காது, கமக்கட்டு என்று எல்லாம் கழுவினார். முகம் வந்ததும் நிறுத்தி, முகம் துடைக்கும் துவாயை என் பக்கம் நீட்டினார்.
"இனி மூக்கு உங்கட டிப்பார்ட்மென்ட், அண்ணை."
வாங்கிக்கொண்டேன்.