மேட்டு மண்ணும் உன் மகளின் வேலையும்

இன்று காலை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அதன்மேல் வெளுத்த மாவு படிந்திருந்தது. சயனைடு மேட்டு மண். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எண் போடாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே, சொல்லப்போவது இவை:

1. மேட்டு மண்ணைப் பற்றி நீ சொன்னது.
2. உன் மகள் ஷாலினி தேடிக்கொண்டிருக்கும் வேலை.
3. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடந்தது.
4. நீ இருந்திருந்தால் அவளைத் தடுத்திருப்பாய். நான் உன்னை மீறிவிட்டேன்.

முதலாவது. சயனைடு ஊற்றித் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, அரைத்த மண்ணை மலை மலையாகக் கொட்டிவிட்டுப் போன ஊர் இது. காற்றுக் காலத்தில் நம் ஆலைக் கேன்டீன் ஜன்னல்களை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பல்லில் மண் நறநறக்கும். நீ சோற்றை ஊதிவிட்டுச் சொல்வாய்: “தங்கம் கப்பலேறிப் போச்சி. மண்ணு நம்ம சோத்துல கீது.” நீ லேத்தில் கடைந்து தரும் உருப்படிகளை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதனால் டப்பாவை என் முன்னால் நகர்த்துவாய். “யோவ் இன்ஸ்பெக்டரு, இத்த பாஸ் பண்ணுவியா, ரிஜெக்ட் பண்ணுவியா?” எல்லாரும் சிரிப்பார்கள். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடப் பையோடு வரும் ஷாலினியிடம் நீ உன் வீட்டு வாசலில் நின்று ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வாய்: “நல்லா படிச்சிட்டு ரயிலேறிடு.” இந்த மண்ணை விட்டுத் திரும்பாமல் போய்விடு என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்; நாலாவது குறிப்பை அதை நம்பித்தான் எழுதினேன்.

இரண்டாவது. அவள் இப்போது எம்.பி.ஏ. கடைசி வருடம். நம் ஊர் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி தினமும் பெங்களூர் போய் வருகிறாள். கல்லூரிக்கே வந்து ஒரு வங்கி அவளுக்கு வேலை கொடுத்துவிட்டது. அவளுக்கு அது வேண்டாமாம். ஓர் ஆலை எவ்வளவு தண்ணீரையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கிறது, மண்ணிலும் காற்றிலும் எதை விட்டுவைக்கிறது என்று ஆராய்ந்து, அதைக் குறைக்க வழி சொல்லும் ஒரு சிறிய நிறுவனம் இருக்கிறது. அங்கே சேரவேண்டும் என்கிறாள். நாளை பெங்களூரில் நேர்காணல். சம்பளம் வங்கியைவிடக் குறைவு. முதல் வருடம் பயிற்சிதான்.

மூன்றாவது. உன் மனைவி கூப்பிட்டனுப்பியதால் போனேன். கையில் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றிருந்தது.

“வாங்கண்ணா. நீங்க சொன்னாதான் கேப்பா. பேங்க் வேலய உட்டுட்டு குப்ப கணக்கு எழுதப் போறாளாம்.”

“குப்ப கணக்கு இல்லம்மா!” உள்ளேயிருந்து ஷாலினி. “மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்கதான் மேனேஜரு. உக்காந்து கேள்வி கேளுங்க. மொறச்சிக் கேக்கணும்.”

உட்கார்ந்தேன். எதிரில் கையைக் கட்டிக்கொண்டு அவள். “சாப்ட்டியாம்மா?” என்றேன்.

“அய்யோ மாமா! இப்டி கேட்டா வேலய சும்மாவே குடுத்துடுவாங்க!”

தண்ணீர் குடித்துவிட்டு, முடிந்த அளவு முறைத்து, மறுபடி கேட்டேன்: “நீ சொல்றபடி செஞ்சா லாபம் கொறையும்னு மொதலாளி சொன்னா?”

“இங்க கூட்டிட்டு வந்து மேட்ட காட்டுவேன். ‘சார், இந்த மைன்ஸும் ஒரு காலத்துல லாபத்துல ஓடுனதுதான். லாபத்த எழுதுனவங்க இத்த எழுதல. அவங்க போயிட்டாங்க. இன்னிக்கி வரைக்கும் எங்கம்மா பெருக்கறாங்க.’”

“பெருக்கறவளுக்கு பேங்கு சம்பளம் வந்தா வேணான்னு சொல்வாளா?” என்றது பெருக்கிக்கொண்டே உன் மனைவி. முகத்தில் சிரிப்பில்லை.

என் உத்தியோகம் முழுவதும் அளந்து பார்க்காமல் எதையும் நான் ஏற்றதில்லை. ஷாலினியின் பதிலை எந்தக் கருவியால் அளப்பது என்று தெரியவில்லை. அளக்காமலே எழுந்து நின்றேன்.

“அவன் இருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பான். இந்த ஊரும் மண்ணும் வேணாம், ரயிலேறிடுன்னு சொல்வான். இருந்தாலும் போகட்டும்மா. இன்டர்வியூவுக்கு நானும் கூடப் போறேன்.”

துடைப்பம் நின்றது.

“யாரு, அவரா? இன்னாண்ணா பேசறீங்க? அவரு இருந்திருந்தா நேத்தே டிக்கெட் எடுத்து குடுத்திருப்பாரு. ரயிலேறிடு, கத்துக்கினு வா, வந்து இந்த மேட்ட இன்னா பண்ணலாம்னு சொல்லுன்னுதானே பாடம் படிப்பாரு. அவரு இல்லியே, நடுவுல எதனா ஆச்சின்னா யாரு கீறாங்கன்னுதான் என் பயமே.”

“நான் இருக்கேன்மா,” என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உன் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “காலைல ட்ரெய்ன்ல நிக்கக்கூட எடம் இருக்காது. இட்லி கட்டித் தரேன், கையிலயே வெச்சிக்குங்க” என்று உள்ளே போனது.

கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. ஆனாலும் நாளை ஏறப்போகிறேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த நேர்காணலுக்கும் ஏறுவேன்.

நாலாவது குறிப்பு தவறு. உன் மனைவி அன்று சொன்னது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. நீ வாசலில் நின்று சொன்ன மூன்று வாக்கியங்களில் முதலாவதை மட்டும்தான் என் காது எடுத்துக்கொண்டிருக்கிறது. போனால் திரும்பாதே என்பது உன் பேச்சில்லை. அது என் பயம். அதற்கு உன் பெயரைப் போட்டு வைத்திருந்தேன்.