ஒரு கீறல்கூட இல்லை

மச்சான்,

விடிந்ததும் குற்றாலத்துக்குக் கிளம்ப இந்த ஹேண்டில்பாரைப் பிடிப்பீர்கள் என்றுதான் இதை இங்கே கட்டியிருக்கிறேன். சைக்கிளில் ஏறாதீர்கள். நேற்று நீங்கள் கடையில் இருந்தபோது, தூசி துடைக்கையில் நான்தான் தள்ளிவிட்டேன். வாசற்படியில் மோதியது.

ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இந்த சைக்கிளின் கார்பன் சட்டம் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு, ஓட்டும்போது சட்டென்று ஒடியும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இருந்தும் மறைத்துவிடத்தான் நினைத்தேன். நம் சின்னவள் ஜுஹைனாதான் விடாமல் அழுதாள்: "வாப்பா விழுந்துருவாக உம்மா. சொல்லிருங்க. என்னைய அடிச்சாலும் பரவால்ல."

போன தடவை வெறும் கீறலுக்கே அவள் காது வீங்கியது. பிள்ளைகளோடு வடகரைக்கு, என் உம்மா வீட்டுக்குப் போகிறேன். கோபம் ஆறினால் பஸ்ஸில் வாருங்கள்.

தள்ளிவிட்டது நான்தான்.

உங்கள் பிள்ளைகளின் உம்மா