சிவப்புக் கழுத்து மயில்

இன்று மதியம் எங்கள் புக்கிட் காதில் வட்டாரத்தில் இடி இடித்துக் கரண்ட் போனது. மகள் கணினியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் போச்சு என்று நான்தான் பதறினேன். கரண்ட் வந்ததும் அது தானாக எழுந்து, திரையில் இரண்டு வரி காட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல நின்றது.

"எதையும் மாத்துறதுக்கு முன்னாடி, என்ன மாத்தப் போறேன்னு குறிச்சு வச்சுக்கும்பா. பாதியில நின்னுட்டா அந்தக் குறிப்பப் பார்த்துச் சரி பண்ணிக்கும்" என்றாள்.

"ரெண்டு வேலையாச்சே, மெதுவாயிடாது?"

"ஆகும். அதனால எது எங்க இருக்குன்ற விவரத்த மட்டும் குறிக்கும். உள்ள எழுதினது கொஞ்சம் போனாலும் போகலாம்."

நண்பா, அவள் உன்னையல்லவா சொல்கிறாள்!

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் காஜா பேராங் தெருவில் நாம் கட்டிய விளக்கு வளைவு. உச்சியில் பல்புகளாலேயே ஒரு மயில். ஒவ்வொரு வயரையும் தொடுமுன் என்ன செய்யப்போகிறாய் என்று பலகையில் வெண்கட்டியால் எழுதுவாய். முடித்ததும் அதன்மேல் கோடு இழுப்பாய். "நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள வெள்ளக்காரன் கப்பலேறிடுவான்" என்று முதலாளி கத்தினார். "சரி, பல்பு நிறத்த எழுதல. வயர எழுதாம தொடமாட்டேன் லா" என்றாய். நானும் சேர்ந்துகொண்டு உன்னை ஆமை என்றேன்.

விழாவுக்கு முதல் நாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது மழை பிடித்தது. நீ ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தாய். நான் திரும்புவதற்குள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் வளைவு எரிந்தாக வேண்டும். வளைவுக்குக் கரண்ட் முன்கடையிலிருந்துதான் என்று நினைத்து, அதன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறினேன். மயிலின் கழுத்தருகே தொங்கிய வயரைப் பிடிக்க வலக்கையை நீட்டினேன். அப்போதுதான் கடை ஓரத்தில் நனையாமல் நின்ற பலகை கண்ணில் பட்டது. கடைசி வரி: கழுத்து வயர், பின்கடைக் கரண்டுக்கு மாற்றம். கோடு இல்லை.

கையை இழுத்துக்கொண்டேன். இறங்கிப் போய்ப் பார்த்தால், நீ அணைத்திருந்த பின்கடை மெயினை, இருட்டுகிறதென்று கடைக்காரர் மறுபடி போட்டிருந்தார்.

அதை அணைத்துவிட்டு மீதியை முடித்தேன். வளைவு எரிந்தது, ஊரே கைதட்டியது. பல்பு நிறத்தைத்தான் நீ எழுதவில்லையே. நீல மயிலுக்குக் கழுத்து சிவப்பாகிவிட்டது. காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த உன்னிடம் சொன்னேன். தாதி வந்து அதட்டும்வரை சிரித்தாய். "மயில் செவந்தா செவக்கட்டும்டா, நீ கருகாம வந்தியே."

எங்கோ யார் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்ததை, நீ ஒரு வெண்கட்டியை வைத்துக்கொண்டு செய்திருக்கிறாய். நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது. அன்று எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. மகளிடம் இந்தக் கதையைச் சொல்லி, அந்த வரி இல்லாவிட்டால் நீயும் இல்லையம்மா என்றேன். அவள் தட்டச்சை நிறுத்திவிட்டு என் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.