இரண்டு கன்னத்துக்கும் ஒரே வெளிச்சம்

என்னங்க,

ஆஸ்பத்திரி வார்டில் ஆள் இல்லையென்று கூப்பிட்டுவிட்டார்கள், கிளம்புகிறேன். ஸ்டுடியோ சாவி ஃபிரிட்ஜ் மேல். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்குப் பெரியவள் ஸ்டுடியோவுக்கு இறங்கி வருவாள். விபத்துக்குப் பிறகு ஏழு மாதமாக அறையைவிட்டு வராதவள், வேலை விண்ணப்பத்துக்குப் படம் எடுத்துக்கொள்ள இன்றுதான் சம்மதித்திருக்கிறாள். இன்றே கடைசி நாள்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். போன முறை அவள் அறையிலேயே எடுத்த மாதிரி சின்ன சாஃப்ட்பாக்ஸ் விளக்கை ஒரு பக்கமாக வைத்து, தழும்புள்ள கன்னத்தை இருட்டில் தள்ளாதீர்கள். பாசத்தில்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பாவுக்கே என் பாதி முகம் போதும்போல இருக்கும்மா." நேற்று நமக்குள் நடந்த சண்டையில்கூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிய சாஃப்ட்பாக்ஸை முகத்துக்கு நேராக, கிட்டத்தில் வையுங்கள். கீழே வெள்ளை ரிஃப்ளெக்டர் பலகை, நிழல் விழாமல் இருக்க. வெள்ளிக் குடை விளக்கைத் தொடவே வேண்டாம், தழும்பு பளபளக்கும். "அந்தப் பக்கம் திரும்பு" என்று மறந்தும் சொல்லிவிடாதீர்கள்.

பி.கு: முடியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு வருவாள். நீங்கள் ஒதுக்கிவிடாதீர்கள். அவளே ஒதுக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், கேமராவைத் தொடாமல் நில்லுங்கள்.