சாயம் வராத தண்ணீர்

ஜூன் 9, ஞாயிறு
பாகூரில் மச்சினன் வீட்டுக் கல்யாணம். பந்தியில் சோற்றைப் பிசைந்தேன். சாம்பார் வாளியோடு வந்தவன் என் கையைப் பார்த்து நின்றுவிட்டான். "இன்னா மாமா, கிருஷ்ணர் வேஷமா? கையோட பெயின்ட் தீந்துபோச்சா?" பந்தியே சிரித்தது. சேதராப்பட்டு சாயப்பட்டறையில் கழிவுத்தண்ணித் தொட்டிக்கு ஆள் நான். சோப்புக்குப் போகிற நீலமா இது? என் மனைவி மஞ்சுளா மட்டும் சிரிக்காமல் போய் ஸ்பூன் வாங்கி வந்தாள். அது இன்னும் கேவலம்.

ஜூன் 17, திங்கள்
மகள் சரண்யா, எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டாள். காலேஜே அனுப்பியது. கிளம்பும்போதே மிரட்டல்: "அங்க நான் உன் பொண்ணு இல்ல. அப்பனால வந்தான்னு எவனும் பேசக் கூடாது. மூச்சு வுடாதப்பா." சரிங்க மேடம் என்றேன். முறைத்தாள்.

ஜூன் 20, வியாழன்
சாப்பிடும்போது விளக்கினாள். நூலை முதலில் ஒரு மருந்தில் நனைத்தால், அது சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். சாயம் ஏற மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற உப்பும் வேண்டாமாம். "அழுக்காக்கிட்டு அப்புறம் சுத்தம் பண்றதுக்கு, அழுக்காக்காமலே இருக்கலாம் இல்ல?"

நியாயம்தான். ஆனால் அழுக்கு இல்லையென்றால் தொட்டி எதற்கு? தொட்டி இல்லையென்றால் நான் எதற்கு?

அவளே கேட்டாள்: "உன் வேலை போயிடுமாப்பா?"

"போனா போவுது. நீ செய்டி."

இன்னொரு தோசை கேட்டு வாங்கினேன். பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஜூன் 26, புதன்
இன்று சோதனை. வழக்கமாகத் தொட்டிக்கு வருவது மை. இன்று லேசாக நீலம் காட்டின வெறும் தண்ணி. பதறி மேலே ஓடினேன். "யோவ், சாயத்தையே போடாம தண்ணிய வுடுறீங்களே, அறிவிருக்கா?" எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மயில் கழுத்து நிறத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாயம் நூல்ல இருக்குங்க அண்ணே" என்றாள் சரண்யா.

அண்ணேவாம்! பெத்த அப்பனை!

ஜூன் 27, வியாழன்
பழக்கதோஷம். தொட்டித் தண்ணியைத் தெளியவைக்கிற சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துவிட்டு, இன்றும் வந்தது வெறும் தண்ணி என்று திரும்பக் கட்டி வைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி
முதலாளி சொல்லிவிட்டார்: இனி எல்லா நூலும் சரண்யா முறைதான். தொட்டிக்கு என்னோடு நிற்கிற கண்ணையன் ஒருத்தன் போதும். பயந்தது நடந்துவிட்டது என்று நின்றேன். ஆனால் என்னைச் சாயம் எடை போடும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே எதை எவ்வளவு என்று சொல்வது மேடம். வீட்டில் மட்டும் என்ன, என் ராஜ்ஜியமா நடக்கிறது?

டீக்கடையில் கண்ணையனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இத்தினியூண்டு பொண்ணு, இன்னா மூளைபா! அதோட அப்பன் எங்கியாவது பெரிய புரொபசரா இருப்பான்."

டீயை ஊதிக்கொண்டே தலையாட்டினேன்.

இல்லடா கண்ணையா. நீலக் கையோட உன் பக்கத்துலதான் டீ குடிக்கிறான்.